நான் குளிப்பாட்டிய மரவீடு

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஊத்தையைக் கண்டால் கை சும்மா இராது. கனடாவுக்கு வந்து முதல் பதினொரு வருஷம் ஒபிஸ் துடைத்தே சீவித்தவன் வேறு எப்படி இருப்பேன்?

பிக்கரிங்குக்கு வடக்கே, அந்தப் பக்கம் முதன்முதல் குடியேறிய ஒரு விவசாயக் குடும்பத்தின் பழைய மரவீட்டைக் கழற்றித் திருத்தித் திரும்பப் பூட்டினார்கள். நானும் தொண்டராகப் போனேன். (வீட்டில் இருந்தால் மனைவி ராணி என்னையே துடைத்து எறிந்துவிடுவாள்.) அந்த வீட்டில் பிறந்தவர்களில் மிஞ்சியவர் ஜோர்ஜ் மட்டும்தான். எண்பத்தெட்டு வயது. பனி கொட்டுவதற்கு முன், அம்மா சமைத்த அந்தக் குசினியில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அடுத்த வருஷத்தை அவர் நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னதாகப் போய்விட்டேன். குசினிச் சுவரின் மரங்கள் புல்லில் கிடந்தன. புகை, தூசி, சிலந்தி வலை. போதாததற்கு யாரோ வெண்கட்டியால் கிறுக்கியும் இருந்தார்கள். சவர்க்காரமும் பிரஷுமாக இருபத்திரண்டு மரங்களையும் மாப்பிள்ளையைப் போலக் குளிப்பாட்டினேன்.

தச்சு வேலைக்குப் பொறுப்பான மன்னார் சூசை அண்ணை வந்தார். பாராட்டப்போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"தம்பி, உதில இருந்த நம்பர் எங்க?"

"என்ன நம்பர் அண்ணை?"

"எதுக்கு மேல எந்த மரம் எண்ட நம்பர். நம்பர்த் தகடு அடிக்க முன்னம் வெண்கட்டியால எழுதி வச்சனான்."

"அது... நான் நல்லா உரஞ்சிக் கழுவிட்டன்."

அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு புல்லில் குந்திவிட்டார். கையால் செதுக்கிய மரங்கள். இடம் மாறினால் பொருந்தாது. அந்த நேரம் பார்த்து ஜோர்ஜின் கார் வந்தது. ஓடி ஒளிய ஒரு சுவர்கூட இல்லை.

நடந்ததைச் சொல்லும்போது அழுதேவிட்டேன். ஜோர்ஜ் தடியை ஊன்றிக் குனிந்து ஒவ்வொரு மரமாகத் தடவினார். கருகியிருந்தது அடுப்புக்குப் பின்னால் இருந்ததாம். மூன்று ஆணி ஓட்டைகள் இருந்ததில் அப்பாவின் கோட் தொங்குமாம். இன்னொன்றில் சின்னப் பல் அடையாளம்.

"இது என் தங்கை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

அண்ணை பின்னாலேயே தகடு அடித்துக்கொண்டு போனார். சுவரைத் திரும்பப் பூட்ட நாலு சனிக்கிழமை எடுத்தது. பனிக்கு ஒரு கிழமை முன்னதாக ஜோர்ஜ் தன் குசினியில் தேநீர் குடித்தார். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "என் வீட்டைக் குளிப்பாட்டியவர்" என்று அறிமுகப்படுத்தினார்.

அந்தப் பனிக்காலத்தோடு அவர் போய்விட்டார். எனக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்றைக்கும் நான் துணியைக் கையில் எடுத்தால் ராணி விடமாட்டாள்.

"பொறுங்கோ, ஜோர்ஜிட்டக் கேட்டிட்டுத் துடையுங்கோ."

நானும் கேட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன்.