லேசருக்கு வைத்த பொட்டு

இராஜபாளையத்தில் நாய் வளர்த்துப் பெருமைப்பட்டவர்கள் உண்டு. நான் சிடி பிளேயர் வளர்த்தேன். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் இரண்டு சிடி பிளேயர் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதை இப்போதும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். (கேட்கத்தான் ஆள் குறைந்துவிட்டது.)

ஒன்று கைமாறி வந்த பழசு. மற்றது சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த புதுசு. சிடியைப் படிப்பது உள்ளே இருக்கும் லேசர். அது எரிய எரியத் தேயும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நல்லவேளை, வேறொரு பிளேயர் படித்து அனுப்பும் எண்களை வாங்கிப் பாட்டாக மாற்றவும் புதுசுக்குத் தெரியும். எனவே பழசு சிடியைச் சுற்றிப் படிக்கும். ஒரு வயர் வழியாக வாங்கிப் புதுசு பாடும். உழைப்பு அதற்கு, பேர் இதற்கு. புதுசின் லேசரை நான் எரியவிட்டதே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபிக்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன்.

ஆயுத பூஜையன்று புதுசின் மூடியைத் திறந்து, கண் மாதிரி மின்னிய லேசருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"அண்ணே, கண்ணாடி மேலயா வைக்கீய?" என்று தங்கை செல்வி பதறினாள்.

"ஒனக்கு என்னட்டி தெரியும் எலெக்ட்ரானிக்ஸு?" என்றேன்.

அடுத்த தை மாதம் செல்விக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளையின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். மேளக்காரர் வேண்டாம், சிடியில் நாகசுரம் கேட்டால் சபையே அசந்துவிடும் என்றேன்.

அப்பா தயங்கினார். "தட்டு மாத்துத நேரத்துல மேளம் முழங்கணும்லே. சத்தமில்லாம போனா சகுனம் சரியில்லன்னு பேசிருவாவ."

"எம் பொறுப்புப்பா."

தட்டைத் தூக்கியதும் பழசை முடுக்கினேன். அசையவில்லை. இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்து அதன் லேசர் ஓய்ந்துபோயிருந்தது. நான் கலங்கவில்லை. சபையைப் பார்த்து, "கவலப்படாதீய! புதுசோட லேசர் கொஞ்சங்கூடத் தேயல. இப்படியொரு நேரத்துக்குத்தான் காப்பாத்தி வச்சேன்" என்று முழங்கினேன். (மேளத்துக்குப் பதில் நான்.)

சிடியைப் புதுசுக்குள் வைத்து அழுத்தினேன். இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. உள்ளே சிடியே இல்லை என்று இங்கிலீஷில் எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினேன். அதே பதில். சம்பந்திகள் இருவரும் தட்டும் கையுமாக நின்றார்கள். செல்வியின் கண் நிறைந்துவிட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாதான் எழுந்தார். "மிசினுக்கா பொண்ணு கேட்டு வந்தோம்? ஏட்டி, எல்லாரும் குலவை போடுங்கட்டி!"

பெண்கள் போட்ட குலவையில் மண்டபம் அதிர்ந்தது. தட்டு மாறியது. செல்வி சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பந்தி நேரத்தில் மாப்பிள்ளை புதுசின் மூடியைத் திறந்து பார்த்தார். "மச்சான், லேசருக்குப் பொட்டு வச்சிருக்கீயளே!"

வேட்டி நுனியால் துடைத்துவிட்டு அழுத்தினேன். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, குழாய் ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் வெடித்தது. ஒரு பெரியவர் ரசம் வழியும் கையோடு எழுந்து நின்று ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

அன்றுமுதல் இரு வீட்டு விசேஷங்களிலும் ரசம் வந்ததும், "மச்சான், மேளம்!" என்று ஒரு குரல் வரும். போன மாதம் செல்வி மகளின் நிச்சயத்திலும் வந்தது. எழுந்து நின்று எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். புதுசு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதன் லேசர் இன்றுவரை தேயவில்லை.