யோகராஜ் செய்த கம்ப்யூட்டர் வைத்தியம்

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து வீடியோவில் நேர்முகம். ஒன்பது மணிக்கே தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்து, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கிளாக்கர் யோகராஜ் அதை முதலில் கும்பிட்டார், அப்புறம் திட்டினார்.

பெரிய கிளாக்கர் பதவிக்கான நேர்முகம் அது. பதவியோடு மழைக்கு ஒழுகாத குவாட்டர்ஸும் வரும். கலவானைப் பக்கத்து மழைக்கு வருஷக்கணக்காகச் சட்டி வைத்து அலுத்த மனைவி ஷாமிளா, "இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லித்தான் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"திருவிழா முடிஞ்சதுலேர்ந்து இப்படித்தான் இழுக்குது," என்றார் யோகராஜ்.

"வயசாயிருச்சுங்களோ என்னமோ," என்றாள் சுப்பம்மா. ஆபீஸில் தேத்தண்ணி ஊற்றுபவள். மூலையில் உட்கார்ந்து போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கா?"

"மிசினுக்குங்க."

திருவிழாவில் யோகராஜுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளும் தேரைப் பார்க்கட்டும் என்று நேரலை ஏற்பாடு செய்தவர் அவர்தான். மைக்கைக் கையில் வாங்கியவர் லேசில் திருப்பிக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அன்றிலிருந்து அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு விளம்பரம் வந்தது. 'உங்கள் கணினி குப்பையால் மூச்சுத் திணறுகிறது. ஒரே அழுத்தில் இளமை!'

அழுத்தினார். மென்பொருள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இறங்கியதும், ஆயிரக்கணக்கில் குப்பை இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் அலறியது. யோகராஜ் சுத்தம் செய்யச் சொன்னார். செய்தது. முன்பு ஒரு வட்டம் சுற்றிய இடத்தில் இப்போது இரண்டு சுற்றின.

"ஆழமாச் சுத்தம் பண்ணணுமாம்," என்று அதையும் அழுத்தினார்.

வேண்டாத எழுத்துகள் என்று சொல்லி, அந்தச் சனியன் தமிழ் எழுத்தையே துடைத்துவிட்டது. தொழிலாளர் பெயர்ப் பதிவைத் திறந்தால் தோட்டத்தில் ஒரு மனுஷர் மிச்சமில்லை, எல்லாரும் வெறும் சதுரம்.

"ஐயோ, சுப்பம்மா, ஒன்னையும் காணோம்."

"நான் இங்கதானுங்க இருக்கேன்," என்றாள் அவள், நாடகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் மென்பொருளைத் துரத்த இரண்டாவதாக ஒன்றை இறக்கினார். அது முதலாவதைக் குப்பை என்றது. முதலாவது, இரண்டாவதைத் திருடன் என்றது. இரண்டும் மாறி மாறித் திரையில் குதித்ததில் கம்ப்யூட்டர் கிரைண்டர் மாதிரி இரைந்தது.

மணி பத்தாகப் போகிறது. யோகராஜ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஆபீஸ் மதிலில் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருக்கிற சிங்களக் கிராமத்துப் பையன்கள்கூட வந்திருந்தார்கள். தன் நேர்முகத்துக்காகத்தான் இத்தனை சனம் என்று நினைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கொழும்பு அதிகாரியின் முகம் ஒருவழியாகத் திரையில் வந்தது. "இந்தப் பதவிக்கு நீங்க ஏன் பொருத்தம்?" என்று அவர் கேட்டதும் யோகராஜ் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு திரையில் அவர் படம் உறைந்து நின்றது.

"எஹெனவாத? யோகராஜ், கேக்குதா?" என்று அதிகாரி சிங்களத்திலும் தமிழிலும் கேட்டார்.

"கேக்குதுங்க சேர், கேக்குதுங்க."

"ஹலோ?"

"சேர், நான் கம்ப்யூட்டர் எல்லாம் நல்லாத் தெரிஞ்ச ஆளுங்க சேர்."

அது போய்ச் சேரவில்லை. கடைசியில் அதிகாரியின் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. "சரி, விடுங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாப் பாத்துக்குறோம்."

அழைப்பு அறுந்தது. மூலையில் சுப்பம்மா நாடகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

யோகராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இங்க என் பொழப்பே நின்னு போச்சு, ஒனக்கு மட்டும் எப்படி நிக்காம ஓடுது?"

"ஆபீஸ் வைஃபைதானுங்க. மதில்ல இருக்கிற எல்லாரும் அதுலதான் பாக்குறாங்க."

"பாஸ்வேர்ட எவன் குடுத்தான்?"

சுப்பம்மா முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள்.

"தேர் அன்னைக்கு நீங்கதானுங்களே ஐயா மைக்ல சொன்னீங்க. கீழ கிராமத்து ஆளுங்களுக்கும் வெளங்கட்டும்னு சிங்களத்துலயும் ஒருக்கா சொன்னீங்க."