விலைப்பட்டியலில் இல்லாத மாப்பிள்ளை

கைவேலை செய்து விற்கிற எல்லோருக்கும் ஒரு இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நூல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவோம். என்ன விலை என்று கேட்டால் சுவரைப் பார்ப்போம். எனக்கும் அந்த வியாதி இருந்தது. அதற்கு நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன். அந்த மருந்தின் பக்க விளைவாகத்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கு நிச்சயதார்த்தம் ஏற்பாடாகி, தள்ளியும் போனது.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். பெங்களூரில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. நிறுவனம் அங்கிருந்த கிளையையே மூடிவிட்டதால் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த வேலைக்குக் காத்திருந்த மாதங்களில், எடைக்குக் கிடைக்கும் பருத்திக் கயிற்றை வாங்கி முடிச்சுப் போட ஆரம்பித்தேன். சுவரில் மாட்டும் அலங்காரம், சாவிக்கொத்து, செடித்தொட்டியைத் தொங்கவிடும் வலை. (கடைசியாகச் சொன்னதை அம்மா "உறி" என்றார். பூனைக்கு எட்டாமல் பால் வைக்கிற அதே உறி. இப்போது இதற்குப் பெயர் வேறு என்றேன். "பேரு வேறன்னு பூனைக்குத் தெரியுமா?" என்றார்.)

முடிச்சுப் போடப் போட, இதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆனால் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அப்பா லாரி டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருப்பவர். வளவளவென்று பேசமாட்டார்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுலயே வித்துக் காட்டு சாமி. போட்ட மொதலு வந்துருச்சுன்னா இங்கயே இருந்து பண்ணு. வரலீன்னா கோயமுத்தூருக்குப் பொட்டியக் கட்டு."

நியாயமான நிபந்தனை. உடனே மடிக்கணினியில் விலைக்கு ஒரு சூத்திரம் எழுதினேன். கயிறு, மரக்குச்சி, சேதாரம், மின்விசிறிக்கு ஆகும் மின்சாரம், என்னுடைய நேரம். (நேரத்துக்கு பெங்களூரில் வாங்கிய சம்பளத்தையே போட்டுக்கொண்டேன். முதலாளியும் நான்தானே, யார் கேட்பது?) வந்த தொகை எதுவானாலும் ஒன்பதில் முடியும்படி மாற்றினேன். உறி எண்ணூற்று நாற்பத்தொன்பது என்று வந்தது.

அப்பா பார்த்தார். "பானையோடவா?"

"பானை தனிப்பா."

"இன்னும் கொஞ்சம் போட்டா ஸ்கூட்டருக்குப் புது டயரே வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த விலையை வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. இங்கேதான் மருந்து. எந்தப் பொருளிலும் விலை எழுதக்கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன கியூஆர் அட்டை. போனில் ஸ்கேன் செய்தால் விலை தெரியும். வருகிறவர்கள் ரகசியமாகப் பார்த்து, ரகசியமாக அதிர்ச்சியடைந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு வாங்குவார்கள். மனித சங்கடம் பூஜ்யம்.

வீட்டுக்கும் ஒரு வரைபடம் போட்டேன். வாசலில் பணம் கட்டும் கியூஆர் பலகை. அப்பாவின் பட்டறையில் இருந்ததையே, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கரோடு கொண்டுவந்து வைத்தேன். நடுவீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாதிரி. வெளியே போகும் வழியில் வெள்ளைத்துணி விரித்த மேசை. அதில் பொருள்களை அழகான காகிதப் பைகளில் போட்டு வரிசையாக அடுக்கினேன். உட்கார வாடகை நாற்காலிகள். அம்மா தன் பங்குக்கு வாசலில் சந்தனமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்தார். வருகிறவர்களுக்கு மரியாதை என்றார். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

வாசலில் சந்தனம், பணம் வைக்க ஓர் இடம், உள்ளே நாற்காலிகள், போகும் வழியில் பை. இப்படி ஒரு வீட்டை நம் ஊரில் எங்கே பார்த்திருக்கிறோம் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அழைக்கும் பொறுப்பு அம்மாவுடையது. சொந்தக்காரர்களை வாங்கிப் போக வரச்சொல்லி அழைக்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. (வியாதி பரம்பரை.) அதனால் நாமக்கல் முதல் ஜேடர்பாளையம் வரை எல்லோருக்கும் போனில் ஒரே வாசகம்: "பாப்பா விசயமா சின்னதா ஒண்ணு வெச்சிருக்கறமுங்க. பெருசா யாரையும் கூப்புடல. அவசியம் வந்துருங்க."

ஞாயிறு பத்து மணிக்கு வந்தவர்களைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டுப்புடவைகள். வாழைப்பழச் சீப்புகள். போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் பெரியப்பா வெள்ளை வேட்டியில் இறங்கினார். கைவேலைக்கு நம் மக்கள் தரும் மரியாதையே தனி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜேடர்பாளையத்து அத்தை வாசல் பலகையைப் பார்த்து, "இப்பெல்லாம் இதுலயே வெச்சர்றாங்க. எழுதறதுக்கு ஆளு மிச்சம்" என்றார்.

"ஆமாங்க அத்தை, இதுதான் சுலபம்" என்றேன். பலகையைப் பற்றி ஒருவர் பாராட்டியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது. "ஐநூற்று ஒரு ரூபாய் பெறப்பட்டது." "இருநூற்று ஒரு ரூபாய் பெறப்பட்டது." "நூற்று ஒரு ரூபாய் பெறப்பட்டது."

என் முதுகு நிமிர்ந்தது. என் விலை எதுவும் ஒன்றில் முடியாது. எல்லாம் ஒன்பது. வருகிற தொகை எல்லாம் ஒன்று. ஒரு தொகை தவறாக வந்தால் மனிதப் பிழை, எல்லாமே ஒரே மாதிரி தவறாக வந்தால் கருவியின் பிழை என்பதுதான் நான் பெங்களூரில் கற்ற பாடம். எனவே, நாலு வருடம் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய நான், ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அணைத்துப் போட்டேன். அமைப்புகளை மாற்றினேன். அது உள்ளேயும் "ஆயிரத்து ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது. கட்டில்மேல் கிடந்த அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் ஆயிரத்து ஒன்று. கருவி சரியாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தபோது மேசையில் பாதிப் பைகள் இல்லை. பெரியப்பா கையில் இரண்டு பை. அத்தை ஒவ்வொரு பையாகத் திறந்து, எது பெரியது என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏனம்முணி, மாப்பளை ஊட்டுக்காரங்க இன்னும் வரலீங்களா? நேரம் பன்னெண்டாகப் போவுது, பூ எப்ப வெக்கறது?" என்றார்.

மாப்பிள்ளை, பூ, மொய், தாம்பூலப் பை. எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"அத்தை, இது விற்ப..." என்று தொடங்கினேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "வாயத் தொறக்காத. கூப்புட்டு உக்கார வெச்சு வெல சொன்னாங்கன்னு காலத்துக்கும் சொல்லுவாங்க" என்று காதில் சொன்னவர், திரும்பி, எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கும் நிதானத்தோடு, "மாப்பளை ஊட்டுல ஒரு பெரியவரு தவறிட்டாருங்க. இப்பத்தான் போனு வந்துச்சு. தள்ளிப் போட்டுட்டாங்க" என்றார்.

கூடத்தில் ஒரு "அச்சோ" எழுந்தது. அத்தை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். என் கண்ணில் நீர் நின்றது. அவர் தோளுக்குப் பின்னால், யாரோ என் எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய் உறிகளில் நான்கை ஒரே கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குவது எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

"அழுவாத சாமி. அவனுக்கு உம்மேல பிரியமிருந்தா வராமயா போயிருவான்?"

பெரியப்பா சுவரைக் காட்டி, "இதுங் குடுக்கறதுங்களா?" என்றார். அது பதினைந்து நாள் முடிச்சுப் போட்ட பெரிய அலங்காரம், விலைப்பட்டியலில் முதல் இடம். நான் மூச்சை இழுப்பதற்குள் அம்மா சொன்னார்: "எடுத்துக்குங்க, உங்களுக்கில்லாததா?"

வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாதே. அப்பா போய் மெஸ்ஸில் பொட்டலம் வாங்கி வந்தார். துக்கம் கேட்டுவிட்டு எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கடைசிக் கார் போனபோது மேசையில் வெள்ளைத்துணி மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவின் போனைப் பார்த்துக் கூட்டினேன். சாப்பாட்டுச் செலவைக் கழித்தாலும், கயிறு, குச்சி, பைக்குப் போட்ட முதல் வந்திருந்தது. மேலே கொஞ்சம் மிச்சம்கூட.

"மொதலு வந்துருச்சுப்பா" என்றேன். குரலில் கொஞ்சம் வெற்றி.

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அது வந்த காசில்ல சாமி. திருப்பி வெக்க வேண்டிய காசு. ஒவ்வொருத்தர் ஊட்டு விசேசத்துலயும் கூட நூறு போட்டு வெக்கோணும்."

யோசித்தால், பொருளையும் கொடுத்து, வட்டிக்குக் கடனும் வாங்கியிருந்தேன். என் சூத்திரத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. திங்கட்கிழமை காலை கோயம்புத்தூருக்கு வருவதாகப் பதில் எழுதினேன். முதல் ஆண்டுச் சம்பளத்தில் பாதி, சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் போனது.

முடிச்சுப் போடுவதை விடவில்லை. சனிக்கிழமைகளில் செய்து விற்கிறேன். யார் கேட்டாலும் வணக்கத்துக்கு முன்னால் விலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய அலங்காரம் பெரியப்பாவின் ரிக் வண்டியில் முன்கண்ணாடிக்கு மேலே ஆடிக்கொண்டு, இப்போது சத்தீஸ்கரில் எங்கேயோ ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து உண்மையிலேயே நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் என்னோடு வேலை செய்பவர். பெரியப்பா வாசலிலேயே அப்பாவிடம், "நானு மொய்ய அன்னைக்கே வெச்சுட்டனப்பா" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அத்தை நேராக மாப்பிள்ளையிடம் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தன நாளு காக்க வெச்சுட்டீங்க கண்ணு. அந்தப் பெரியவருக்குக் காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் தாத்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாவது லட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

நான் மாப்பிள்ளையிடம் முன்பே கதை முழுவதும் சொல்லியிருந்தேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல், "முடிஞ்சுதுங்க அத்தை. அதனாலதான் தாமதம், மன்னிச்சுக்குங்க" என்றார்.

தாத்தா லட்டைக் கீழே வைத்தார். "யாருடா செத்தது?"