தருவாத்தாள் சாகவில்லை

சோமனூர்
யுவ வருஷம், மாசி மாதம்

கொடுமுடியில் தம்பி வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாச்சியம்மாளுக்கு, சோமனூர்த் தோட்டத்தில் அதைவிடக் கோபமாக உட்கார்ந்திருக்கும் உன் வீட்டுக்காரன் நஞ்சுண்டன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் எருமையும் பருத்தியும் சுகம். அவ்விடம் நீயும், உன் தம்பி அங்கப்பனும், அவன் பிள்ளைகுட்டிகளும் சுகமாக இருக்க மகுடேசுவரரைப் பிரார்த்திக்கிறேன்.

உனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் இதை அங்கப்பன்தான் வாசிக்கப் போகிறான். அங்கப்பா, உனக்கு ஒரு வார்த்தை. நீ பள்ளிக்கூடத்தில் படித்தவன், நான் மளிகைக்கடைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். மறுக்கவில்லை. ஆனால் நீ வாசித்தால் அமீனா ஜப்தி உத்தரவு வாசிப்பதுபோல் இருக்கும். ஆகையால் தொண்டையைக் கனைக்காமல், வரிக்கு வரி உன் அக்காள் முகத்தைப் பார்க்காமல், உள்ளது உள்ளபடி வாசி. உன்னைத் திட்டியிருக்கும் இடங்களையும் விடாதே.

நாச்சியம்மா, நீ சொல்லி அனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. 'இத்தன வருசமா அவரு படிச்ச கதையில எது பொஸ்தகத்துல இருந்துது, எது அவராச் சேத்துனதுன்னு ஒண்ணு உடாமச் சொன்னாத்தான் நா ஊட்டுக்கு வருவேன்' என்றாயாம். பருத்தி வண்டி ஓட்டும் வெள்ளியங்கிரி இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சந்தை நடுவில், வண்டிமேல் நின்றுகொண்டு சொன்னான். அன்றிலிருந்து என்னைப் பார்க்கிறவனெல்லாம், "ஏனுங்க மாமா, அந்த வங்காளத்துப் புள்ள பொழச்சுட்டாளுங்களா?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறான்.

நடந்ததை நீயே நியாயமாக யோசி. கோயமுத்தூருக்குப் பருத்தி போடப் போன இடத்தில் அந்த வங்காளத்துக் கதையை, தமிழில் யாரோ பெயர்த்துப் போட்டிருந்ததை, இரண்டு பாகமும் சேர்த்து வாங்கி வந்தேன். நீ கொள்ளுப் புடைக்க, நான் வாசித்தேன். கதைப் பெண்ணின் பெயர் தருபாலா. உன் வாயில் அது நுழையாமல் தருவாத்தாள் ஆயிற்று. தாய் தகப்பன் இல்லாமல் ஜமீன்தார் வீட்டில் வளர்ந்து, ஒரு வக்கீல் பையன்மேல் பிரியம் வைத்து, அவன் கல்கத்தாவுக்குப் போனபின் காய்ச்சலில் படுத்தாள். வங்காளத்தில் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை நாலு தரம் இருமிவிட்டால் போதும், பாடை கட்டிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குக் காச்ச உட்டுதுன்னா, கொடுமுடி ஆத்துல முழுகி, அவ பேருல அர்ச்சன பண்ணி, வெளக்குப் போடறேன் சாமீ" என்று கும்பிட்டாய். நானோ அடுத்த பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டவன்.

அந்தப் பக்கத்தில் அவள் செத்துக் கிடக்கிறாள். இந்தப் பக்கத்தில் நீ கும்பிட்ட கையை இன்னும் பிரிக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வங்காளத்தான் எங்காவது எழுதி வைத்திருக்கிறானா? ஆகவே ஒரு வைத்தியரை வரவழைத்தேன். சுக்கும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்தேன். "வங்காளத்துல திப்பிலி கெடைக்குமுங்களா?" என்று கேட்டாய். கிடைக்கும் என்றேன். காய்ச்சல் விட்டது. வக்கீலை ரயிலேற்றித் திரும்ப வரவழைத்துக் கல்யாணமும் செய்து வைத்தேன். வங்காளத்துச் சடங்கு எனக்குத் தெரியாது, அதனால் நம் சீர்முறைப்படியே, மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் எடுக்கும் இணைச்சீர் வைத்து, மங்கல வாழ்த்துப் பாடி நடத்தினேன். அந்த இடத்திலாவது உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பளைக்கு ஆரு இணைச்சீர் எடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாய்.

மீதியை உன்னோடு கொடுமுடிக்கு வந்த பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன் சம்சாரம் சொல்லித்தான் அறிந்தேன். நீ ஈரச்சேலையோடு சந்நிதியில் நின்று தேங்காய் பழத்தை நீட்டினாயாம். குருக்கள் பெயர் கேட்டாராம். "தருவாத்தாளுங்க." நட்சத்திரம் கேட்டாராம். "அது தெரியாதுங்க சாமி. வங்காளத்துப் புள்ளைங்க. இப்பத்தான் காச்சல்ல இருந்து எந்திரிச்சுக் கண்ணாலம் ஆயிருக்குதுங்க." அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஜமீன், வக்கீல், கல்கத்தா எல்லாம் சொல்லியிருக்கிறாய். பின்னால் நின்ற ஒரு வாத்தியார் சம்சாரம் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, தருபாலாவையா சொல்றீங்க? அவ ரெண்டாம் பாகத்துலயே செத்துப்போயிட்டாளேங்க!" என்றாளாம். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு நடந்தாயாம்.

இதில் என் குற்றம் என்ன? அந்த வாத்தியார் சம்சாரம் புத்தகம் படித்தால் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டாமா? கோயில் வரிசையில் நின்று துக்கம் சொல்லுகிறவளை விட்டுவிட்டு என்மேல் கோபித்துக்கொண்டாய்.

இனி நீ கேட்ட கணக்கு. நான் மாற்றியது தருவாத்தாள் ஒருத்தியைத்தான். ருஷ்யாக் கதையில், ஒவ்வொருத்தனுக்கும் மும்மூன்று பெயர் இருந்ததே, அதில் பட்டாளத்துக்குப் போன கடைசி மகனும் திரும்பி வரவில்லைதான். ஆனால் பிணம் வந்ததாகவும் எழுதவில்லை. வந்தான் என்று நான் சொன்னதைப் பொய் என்று எவனும் நிரூபிக்க முடியாது. பிரெஞ்சு தேசத்துக் கதையில் அந்தச் சீமாட்டி விஷம் குடித்தாள், உண்மை. விஷம் முறிய நான் அதில் பாலைக் கலந்ததாகச் சொன்னேன், அவ்வளவுதான். இன்னொரு கதையில் பனியில் எருமை செத்ததை மாற்றியது உனக்காகத்தான். எருமையைக் கொண்டுவந்ததும் நான்தான், அவன் எழுதியிருந்தது குதிரை. "அந்தக் குளுருல எரும என்ன பண்ணுமுங்க?" என்று நீ கேட்டபிறகு குதிரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மற்றபடி எல்லாம் எழுத்துக்கு எழுத்து அவர்கள் எழுதியதுதான். அங்கப்பா, சிரித்தாயானால் எனக்கு இங்கே கேட்கும்.

வீட்டு நிலவரம்: களி கிண்டும்போது புத்தகத்தைக் கையில் வைத்திருந்தேன். சட்டியைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. எருமை உன் குரல் கேட்காமல் பாலை அடக்கிக்கொள்கிறது. உன் பழைய சேலையை மேலே போர்த்திக்கொண்டு பால் கறக்கப் போனேன், முட்ட வந்தது. சுப்பண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தேன். இரண்டாம் வரியில் தூங்கி, அத்தியாயம் முடியும்போது விழித்து, "அப்புறம் பருத்தி என்ன வெலைக்குப் போச்சுங்க?" என்றான். சரி, தனியாகவே படிப்போம் என்று உட்கார்ந்தால், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு நிறுத்துகிறேன். எதற்கு நிறுத்தினேன் என்று யோசித்தால், உன் 'உம்' வர வேண்டும். வராது. மறுபடி அதே பக்கத்தை மேலிருந்து படிக்கிறேன்.

இப்போது சீமைத் துப்பறியும் கதை ஒன்று பாதியில் நிற்கிறது. ஒரு துரை, கதவு உள்ளே தாளிட்டபடி, நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். தம்பி மகன் இருக்கிறான், டாக்டர் இருக்கிறார், சமையற்காரன் இருக்கிறான். நீ எப்போதும் இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவாய், "அவனா வந்து உப்புச் சரியா இருக்குதான்னு கேக்கறான் பாருங்க, அவந்தான்" என்று. நான் உன்னோடு சண்டை பிடித்துக் கடைசியில் தோற்பேன். இதில் கொன்றவன் யார் என்று அங்கப்பனை ஒரு வரி எழுதச் சொல்லு. அதற்கு முன் நான் பக்கம் திருப்ப மாட்டேன். துரை அப்படியே கிடக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தருபாலா என்று நான் வாசித்ததை நீ தருவாத்தாள் என்று திருப்பிச் சொன்னாயே, அது வாயில் நுழையாததால் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நம் மகள் தெய்வாத்தாள் கடைசியாகக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் நீ இப்படித்தான் கும்பிட்ட கையைப் பிரிக்காமல் இருந்தாய். அங்கே அடுத்த பக்கம் என் கையில் இல்லை. இங்கே இருந்தது.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ வந்தால், இரண்டாம் பாகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் வாசிக்கிறேன். அவள் சாவாள், கேட்டுக்கொள். நீயாகத்தான் வர வேண்டும். நான் அங்கே வர மாட்டேன். கூப்பிட்டாலும் வருகிற ஆள் நான் இல்லை, கூப்பிடாமல் வருகிற ஆளும் இல்லை. இது உறுதி.

உனக்கும் அங்கப்பன் குடும்பத்துக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும். ஆற்றுத் தண்ணீரில் அதிகம் முழுகாதே, சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: சோமனூர் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்து பென்சிலில் எழுதுகிறேன். இதைத் தபாலில் போடத்தான் வந்தேன். பெட்டிக்குள் பாதி போனதைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். தெய்வாத்தாள் என்ற இடத்தை அங்கப்பன் குரலில் நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஈரோடு போய்க் கொடுமுடிக்கு வண்டி மாற டிக்கட்டு வாங்கிவிட்டேன். துரை செத்துக் கிடக்கிற புத்தகமும் பையில் இருக்கிறது. அங்கப்பா, நீ எதையும் வாசிக்க வேண்டாம், எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல். நாச்சியம்மா, கடிதத்தை நானே வாசிக்கிறேன், நீ உம் கொட்டு. எழுதியிருக்கிறபடியேதான் வாசிப்பேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. நான் வர மாட்டேன் என்று எழுதிய இடத்தை எப்படியும் மாற்றித்தானே ஆக வேண்டும்.