கழுத்திலிருந்து எடுத்த புளியங்கொட்டை

பேரன்புள்ள மச்சான் ஆண்ட்ரூ அவர்களுக்கு,

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இருதயசாமி எழுதுவது. நானும் உங்கள் தங்கை பாக்கியமேரியும் சுகம். பெண்ணாடத்தில் தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து நீங்களே பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

என் மனசு தறிகெட்டு ஓடாமலிருக்க இருபத்திரண்டு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுவது தாங்கள் அறிந்ததே. ஆறு மாதமாக ஓயாத தாகம், மலச்சிக்கல், மூட்டுவலி. பூசையில் பாட்டின் அடுத்த அடி மறந்து பீடத்தைப் பார்த்து நின்றேன், பழைய நோய் திரும்பிவிட்டதாகத் தெருவே பேசியது, தாங்களோ "எலும்புல சத்தில்ல மாப்ள" என்று ஒரு டப்பா கால்சியம் மாத்திரை வாங்கி வந்தீர்கள், தின்னத் தின்ன இன்னும் மோசமானேன், உடனே "அந்த லித்தியத்தத் தூக்கிக் கடாசுங்க" என்றீர்கள். நல்லவேளை, கடாசவில்லை! நேராகச் சிதம்பரத்தில் மனநல டாக்டர் லோகநாயகியிடம் போய், "ரத்தத்துல கால்சியம் எவ்ளோன்னு பாருங்கம்மா" என்று நானே கேட்டேன். பார்த்தால், பன்னிரண்டுக்கு மேல். ஜாஸ்தி!

"தைராய்டுக்குப் பின்னால அரிசி மாதிரி நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கு. வருஷக்கணக்கா லித்தியம் எடுத்தா சிலருக்கு அது பெருத்து, எலும்புல இருக்குற கால்சியத்த ரத்தத்துல இறக்கிடும். தாகம், மறதி எல்லாம் அதனாலதான். லித்தியத்த நீங்களா நிறுத்தக் கூடாது, அந்தக் கால்சியம் டப்பாவ நிறுத்துங்க" என்றார். கேட்டீர்களா மச்சான்!

ஸ்கேனில் ஒரு சுரப்பி மட்டும் புளியங்கொட்டையளவு இருந்தது. "குரல் நரம்பு பக்கத்துலயே போவுது, குரல் கொஞ்சம் கம்மலாம்" என்றார் சர்ஜன் எழிலன். முப்பது வருடம் பாடற்குழுவில் பாடியவன் நான். ஆனாலும் அஞ்சாமல் சிங்கம்போல் நடந்துபோய் மேசையில் படுத்தேன். எடுத்துவிட்டார்கள். இப்போது கால்சியம் சரியான அளவில் இருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன், லித்தியமும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையோடு தொடர்கிறது. போன ஞாயிறு தனிப்பாட்டு முழுவதும் பாடினேன், கோயிலே அசந்துபோனது.

மாதாவின் அடைக்கலம் தங்கள் வீட்டைக் காப்பதாக.

இப்படிக்கு,
வென்றவன்,
இருதயசாமி

பி.கு.: அண்ணே, பாக்கியமேரி எழுதுறேன். இவரு கவர் ஒட்டறதுக்குள்ள படிச்சிட்டேன். மேல இவரு அளந்திருக்குற வீரத்துல ஆபரேஷன் ஆனது மட்டும்தான் நெசம். டாக்டரம்மாகிட்ட கால்சியம் பாக்கச் சொன்னது நான். இவரு வாசல் பெஞ்சிலயே உக்காந்திருந்தாரு. ஆபரேஷன் அன்னிக்குச் சிங்கத்தக் காணும்னு தேடிப் போனா, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல, ஊருக்குத் திரும்புற கடலூர் பஸ்ஸுக்குள்ள ஜன்னலோரமா உக்காந்திருக்குது. கையப் புடிச்சி இறக்கிக் கூட்டியாந்தேன். உங்க டப்பாவ தினம் எடுத்துக் குடுத்ததும் நான்தான், அதனால நீங்க மனசு சங்கடப்படாதீங்க. பாட்டுல மூணு எடத்துல சுருதி போச்சு. கோயில்ல யாரும் அசரல. நான்தான் முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டு அழுதேன். அத மட்டும் இவருகிட்ட சொல்லிடாதீங்க.