சென்சாருக்குச் சந்தனம் வைத்த சம்பந்தி

உலகத்தில் எந்த இரண்டு கம்பெனிகள் கைகோக்க வேண்டுமென்றாலும் வக்கீலும் வேண்டாம், கன்சல்டன்ட்டும் வேண்டாம். எங்கள் சம்பந்தியிடம் ஒரு வெற்றிலைத் தட்டைக் கொடுத்து அனுப்பினால் போதும். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப இல்லை.

தஞ்சாவூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் அரிசி மில்லில் அவர் மேனேஜராக இருந்தார். எந்தக் கம்பெனிக்காரர் வந்தாலும் "வாங்க சம்பந்தி" என்றுதான் வரவேற்பார்; அதனால் அவருக்கே அந்தப் பேர் நிலைத்துவிட்டது. எமனே வந்திருந்தாலும் அப்படிக் கூப்பிட்டு, காபி கொடுத்து, வந்த வேலையை மறக்கடித்து அனுப்பியிருப்பார்.

எங்கள் மில் உமி ஒரு லாரி கம்பெனி வழியாக மின் ஆலைக்குப் போகும். அங்கே அதை எரித்துக் கரண்ட் எடுப்பார்கள். மூன்று கம்பெனிகளும் சேர்ந்து ஒரே ஆப் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மில்லில் எவ்வளவு உமி, லாரி எங்கே, ஆலையில் கையிருப்பு என்ன என்பதை எல்லோரும் பார்க்கலாம். செய்து கொடுக்க வந்தவள் ஷாஹிதா. நாகூர்ப் பெண், அவளுக்கு இதுதான் முதல் வேலை.

ஆப் பிரமாதமாக இருந்தது. அதில் உண்மையைப் போடத்தான் ஆள் இல்லை. உமி மலையாகக் குவிந்திருப்பது தெரிந்தால் ஆலை விலையைக் குறைக்குமென்று எங்கள் முதலாளி "கொஞ்சம்தான் இருக்கு" என்று போட்டார். பஞ்சம் தெரிந்தால் நாங்கள் விலையை ஏற்றுவோமென்று ஆலை மேனேஜர் "நிறைய இருக்கு" என்று போட்டார். லாரி முதலாளி ஜிபிஎஸ்ஸையே அணைத்துவிட்டார். டிரைவர் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போயிருப்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா என்ன?

பேசித் தீர்க்கலாமென்று வீடியோ மீட்டிங் போட்டார்கள். சம்பந்தி ஒவ்வொருவராக, "சாப்பிட்டீங்களா? என்ன கொழம்பு?" என்று விசாரித்து முடிப்பதற்குள் மீட்டிங்கே முடிந்துவிட்டது.

கடைசியாக, மூன்று கம்பெனிக்காரர்களையும் எங்கள் மில்லுக்கே வரவழைத்து ஒரு சோதனை. லாரியில் ஏற்றும்போதே உமியின் ஈரத்தைப் பார்த்து எல்லோர் போனுக்கும் அனுப்பும் சென்சார் வந்திருந்தது.

"இன்னைக்கும் சரிவரலைன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க சார். என் வேலையும் போயிடும்" என்றாள் ஷாஹிதா என்னிடம்.

கொளுத்துகிற வெயில். உமி ஏறியது. போன்கள் கத்தின: ஈரம்! ஒரே ஈரம்!

"தண்ணி தெளிச்சு எடை ஏத்துறீங்களா?" என்றார் ஆலை மேனேஜர்.

"யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க? உங்க ஆப்தான் ஃபிராடு!" என்று எங்கள் முதலாளி குதித்தார். ஷாஹிதாவின் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் வெற்றிலைத் தட்டோடு வந்தார் சம்பந்தி. சென்சாரைப் பார்த்தார்.

"அய்யய்யோ! காலையில பூஜை போட்டு நாந்தாங்க சந்தனம் வச்சேன். புது மெஷினை வெறும் நெத்தியோடயா விடுறது?"

பொட்டு என்றால் சும்மா பொட்டா? கல்யாண மாப்பிள்ளைக்குப் பூசுகிற அளவுக்கு அப்பியிருந்தார்; அடியில் ஈரம் இன்னும் காயவில்லை. தோள் துண்டால் துடைத்ததும் போன்கள் அடங்கின. காய்ந்த உமிதான். முதலாளி முறைத்தார். சம்பந்தி அசரவில்லையே! தட்டை நடுவில் நீட்டினார்.

"என் தப்பை நான் ஒளிக்காம சொல்லிட்டேன் சம்பந்தி. இப்ப நீங்க மூணு பேரும் உள்ளதைப் போடுங்க. யாரும் முதல்ல போட வேணாம். தட்டு மாத்துற மாதிரி ஒரே நேரத்துல."

முதலில் சிரித்தவர் லாரி முதலாளிதான். மூன்று பேரும் போனைத் தட்டினார்கள். இருக்கிறவன் இல்லையென்றும் இல்லாதவன் இருக்கிறதென்றும் சாதித்த கூத்து திரையில் வந்தது. லாரி ஒன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரையேறியது. ஷாஹிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

சம்பந்தி இப்போது ஓய்வு பெற்று வேதாரண்யத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆப் ஜோராக ஓடுகிறது. மதியம் அதைத் திறந்தால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும், ஷாஹிதா வைத்த ஏற்பாடு. எவ்வளவு அவசர வேலையென்றாலும் நான் சாப்பிட்டுவிட்டு வந்துதான் "ஆச்சு" என்று அழுத்துவேன். அவரிடம் பொய் சொல்ல மனசு வராது.