வேல்ராஜ் என்கிற ரோபோ

"மேடம், கைக்கு ஒண்ணுமே தட்டுப்படல. ஏக்தம் தட்டையா, சப்பாத்தி மாதிரி இருக்கு" என்றாள் பரீஹா.

மும்பை செம்பூரில், பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. கம்ப்யூட்டருக்குப் போகும் முன், கட்டளைகளைத் தொட்டு அறிந்து வரிசைப்படுத்திப் பழக, தோல் சதுரங்கள் கேட்டிருந்தார்கள். 'முன்னே போ', 'இடது பக்கம் திரும்பு', 'வலது பக்கம் திரும்பு' என்று ஒவ்வொன்றிலும் அம்புக்குறி தடித்த நூலில் புடைத்து நிற்க வேண்டும்.

தைத்துக் கொண்டுவந்தவர் தாராவியில் தோல் பை தைக்கும் வேல்ராஜ். தையல் கைக்குத் தட்டுப்பட்டால் அவர் தொழிலில் அது மானக்கேடு. பழக்க தோஷத்தில் நூலை அழுத்தித் தேய்த்து வழுவழுப்பாக்கி, முடிச்சுகளையெல்லாம் பின்பக்கம் தள்ளியிருந்தார்.

"நாங்க என்ன ஹேண்ட்பேக்கா கேட்டோம்?" என்றார் தலைமை ஆசிரியை பிரேமலதா.

"ஒரு நிமிசம் மேடம்!" வேல்ராஜ் எல்லாவற்றையும் குப்புறத் திருப்பினார். "இப்பத் தொட்டுப் பாரு தாயி."

"ஆங்! முடிச்சு முடிச்சா அம்பு தெரியுது!"

"சரி. ரோபோ வண்டி இன்னும் வரல, அதனால நீங்கதான் ரோபோ" என்றார் பிரேமலதா. "பிள்ளைங்க மனசுல ஒரு இடத்தை நினைச்சு, சதுரத்தை ஒவ்வொண்ணா நீட்டுவாங்க. அதுபடி நடங்க. நினைச்ச இடத்துக்கு உங்களைக் கொண்டு சேர்த்துட்டா ஆர்டர் உங்களுக்கு. இல்லேன்னா பிளாஸ்டிக் செட் வாங்கிக்கிறோம்."

அவர் எதிரே இருந்த தம் அறைக்குப் போனார். தாராவிப் பட்டறையில் பாதி மெஷின்கள் சும்மா கிடக்கும் காலம். வேல்ராஜ் ரோபோ ஆனார்.

"எங்க தாயி போகணும்?"

"தண்ணி ஃபில்டருக்கு."

பிள்ளைகள் கூட்டமாகப் பின்தொடர, பரீஹா பின்பக்க முடிச்சைத் தடவிப் பார்த்து நீட்டினாள். வேல்ராஜ் முன்பக்கத் தையலைப் பார்த்து நடந்தார். பின்பக்கத்து இடது முன்பக்கத்தில் வலது ஆகிவிடும் என்பது அவருக்கு உறைத்தபோது, பிரேமலதாவின் மேஜைக்கு எதிரே நின்றிருந்தார்.

"என்ன வேல்ராஜ்?"

"தண்ணி... ஒண்ணுமில்ல மேடம்."

வெளியே வந்து ஒரு முடிவு செய்தார். இனி இடது என்றிருந்தால் வலது பக்கம் திரும்பிவிடுவது. யாருக்கும் சொல்லவில்லை. அதற்குள் பிள்ளைகளும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்து முடித்திருந்தார்கள்.

முதல் திருப்பத்திலேயே பரீஹா சிரித்தாள். "மாத்தித் திரும்புறீங்களா அங்கிள்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"செருப்புச் சத்தம் கேக்குதே. நடங்க. ரோபோ பேசக் கூடாது."

நடந்தார். மறுபடியும் அதே அறை. இந்த முறை மேஜையையும் தாண்டி, இரும்பு பீரோவில் முழங்கால் இடித்தது. பிரேமலதா டிபன் டப்பாவைத் திறந்திருந்தார்.

"பசிக்குதா வேல்ராஜ்?"

"ஐயோ, இல்ல மேடம்!"

பிள்ளைகளும் மாற்றி நீட்டியிருப்பார்கள், இரண்டு மாற்றமும் சேர்ந்து காலை வாரிவிட்டது என்று கணக்குப் போட்டார்.

"தாயி, இனிமே உள்ளது உள்ளபடி நடப்பேன்."

"பக்கா?"

"பக்கா."

உள்ளது உள்ளபடியே நடந்தார். கதவு வந்தது. மேஜை வந்தது. ஒதுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தயங்கினார்.

"ரோபோவுக்குச் சொந்தப் புத்தி கிடையாது அங்கிள்" என்றது பின்னாலிருந்து குரல். கடைசிச் சதுரமும் கைக்கு வந்தது. 'முன்னே போ.' மூக்கு பீரோவில் இடித்தது.

வேல்ராஜ் உடைந்துபோனார். "சரக்குலதான் கோளாறு மேடம். இடமும் வலமும் மாறிக் கிடக்கு. நான் எடுத்துட்டுப் போயிர்றேன். நீங்க பிளாஸ்டிக்கே வாங்கிக்கிடுங்க."

பிரேமலதா டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். "பரீஹா, மூணு தடவையும் தப்பாவா போச்சு?"

"முதல் தடவைதான் தப்பு மேடம். அப்புறம் அவர் எப்படித் திரும்புறார்னு புரிஞ்சு நீட்டினோம், ரெண்டு தடவையும் நாங்க நினைச்ச இடத்துக்குக் கரெக்டாத்தான் வந்து சேர்ந்தார். நீங்க பிடுங்கி வச்ச எங்க கிலுகிலு கிரிக்கெட் பந்து அந்த பீரோவுலதானே இருக்கு?"